உற்றார் துணையும் உடல் நலமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவதற்குத் தகுதி வாய்ந்த பலர் மேடையில் வீற்றிருக்கின்றனர். எனக்கு அளிக்கப்பட்ட பொருளோ, குடும்பத்தாரின் நெருக்கமான உறவு நீண்ட ஆயுளுக்கும் நல்ல உடல் நலத்துக்கும் எவ்வாறு துணை செய்கிறது என்பது. மருத்துவர் ஒருவர் பேச வேண்டியதை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டார்களே என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், ஓர் ஊரின் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அறிந்த அளவுக்கு வேறு யார் அறிவர்? எந்தப் பிள்ளையை ஆயா கைப்பிடித்து அழைத்து வருகிறாள், எந்தப் பிள்ளையின் தகப்பன் இரவு குடித்துவிட்டு வந்து வீட்டை இரண்டாக்கினான், எந்த வீட்டில் தாயின் இருமல் ஒரு மாதமாக நிற்கவில்லை என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டில் எழுதப்படாமல் எழுதப்பட்டிருக்கும். பிள்ளையின் முகத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அன்பைப் பற்றி நான் உபதேசம் செய்யப் போவதில்லை. நம் ஊருக்கு அருகிலேயே நடந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். வேப்பம்பட்டு நிலையத்தில் மின்வண்டி ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் நிலையத்தில் மாறினால், எழும்பூருக்கு அடுத்த நிலையம் சேத்துப்பட்டு. அங்கேதான் 1956-ஆம் ஆண்டு சென்னைக் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கூடி நடத்திய நிலையம் அது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் விளங்குவதும் அதுவே.

அந்நாளில் காசநோய் என்றால் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துவிடுவதே வழக்கம். ‘சானடோரியம்’ என்ற சொல் நம் பாட்டன்மாரை நடுங்க வைத்த சொல். தாம்பரத்துக்கு அருகில் ஒரு ரயில் நிலையத்திற்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு, இவையே மருந்து என்று நம்பப்பட்ட காலம். ஆனால் நோயாளிகளோ லட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ அத்தொகையில் மிகச் சிறு பங்கு. படுக்கை கிடைத்தவன் போக மற்றவன் என்ன செய்வான்? ஏழையின் வீட்டிலேயே வைத்து அவனைக் குணப்படுத்த முடியுமா? இக்கேள்விக்கு விடை காணவே அந்நிலையம் முனைந்தது.

டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் அப்பணிக்குத் தலைமை தாங்கினார். சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறை போல் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றொரு பிரிவினர் தம் வீட்டிலேயே. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, கட்டில், செவிலியர் கவனிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெருக்கடியான ஒற்றை அறை, போதாத உணவு. பலர் ஓய்வே இன்றி வேலைக்கும் போக வேண்டியிருந்தது. சுருங்கச் சொன்னால், நம் சேரி வீடு ஒன்றும் அரசாங்க மருத்துவமனை ஒன்றும் எதிரெதிரே நின்று போட்டியிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. இந்த வேறுபாடு பெரிதன்று என்பதே அறிஞர் கருத்து. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் வீட்டுப் பிரிவினர் பின்தங்கிவிடவில்லை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உடல் எடை கூடுதலாக ஏறியது உண்மை. ஆனால் நோய் தீர்வதில் வீடு தோற்கவில்லை. இன்னொன்று, இதைவிட முக்கியமானது: வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் மனைவிக்கோ பிள்ளைக்கோ நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. உலகம் முழுவதும் காசநோயாளிகள் சிறைக் கைதிகள் போல் அடைபட்டுக் கிடந்த நிலை மாறியதற்குச் சென்னை ஏழைகளின் வீடுகள் காரணமாயின. இந்தச் செய்தி நம் பாடப் புத்தகங்களில் இடம்பெறத் தக்கது. நம் வீடுகளைப் பற்றி நாம் கேட்டதெல்லாம் அழுக்கு, நெருக்கடி, நோய்க் கூடம் என்ற வசைகள்தாமே!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்நோயாளிகளைக் குணப்படுத்தியது மருந்து, பாசம் அன்று. பாசத்தால் கிருமி சாகாது. ஆனால் ஓராண்டுக் காலம் நாள் தவறாமல், குமட்டும் மருந்தை விழுங்குவது எளிதோ? இரண்டாம் மாதம் காய்ச்சல் நின்று உடம்பு தேறியதும், ‘இனி எதற்கு?’ என்று எவனும் விட்டுவிடுவான். நிலையத்தார் திடீரென்று வீட்டுக்கு வந்து சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிற்றா என்று பார்த்தனர். அவர்கள் வராத நாட்களில் பார்த்தது யார்? சோற்றுத் தட்டோடு மருந்தையும் எடுத்து வைத்தவள், ‘விழுங்கினாயா?’ என்று கேட்டவள். குடும்ப உறவு ஆயுளைக் கூட்டும் வழிகளில் முதல் வழி இதுவே. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

இன்று காசம் இருந்த இடத்திற்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்துவிட்டன. இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளோர் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இவை ஓராண்டில் முடிகிற நோய்களும் அல்ல; ஆயுள் உள்ளவரை மாத்திரை. 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தின்கீழ் அரசு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. மிக நல்ல காரியம். ஆனால் வாசலுக்கும் வாய்க்கும் இடையே இன்னும் பத்தடி தூரம் இருக்கிறது. அந்தப் பத்தடியைக் கடப்பிப்பது உறவு. கால் விரலில் பட்ட காயம் ஆறவில்லை என்பதைச் சர்க்கரை நோயாளி தாமே உணர மாட்டார், உணர்வு மரத்திருக்கும். காலைப் பார்க்க ஒருவர் வேண்டும். பார்க்க ஆளிருந்தால் கால் பிழைக்கும்.

உலகத்து அறிஞர்களும் இதை எண்ணி அளந்திருக்கின்றனர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து அலமீடா என்னும் மாவட்டத்தில் 6,928 பேரை 1965 முதல் ஒன்பதாண்டுகள் கவனித்தனர். மண உறவு, சுற்றத்தார், நண்பர், சங்கம் என்ற தொடர்புகள் மிகக் குறைந்தவர்கள், தொடர்பு மிகுந்தவர்களைப் போல் இரு மடங்குக்கு மேலாக இறந்தனர் என்று 1979-இல் வெளியிட்டனர். புகை, குடி, வறுமை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்பும் அந்த வேறுபாடு முற்றும் மறையவில்லை. 2010-இல், இத்தகைய 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைப் பற்றியவற்றை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938-இல் தொடங்கிய ஆய்வு இன்றளவும் தொடர்கிறது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் மனநிறைவோடு இருந்தவர்களே எண்பது வயதில் நலமாக இருந்தனர் என்கின்றனர் அவர்கள். ஐம்பதைக் கடந்த என் போன்றவர்கள் சற்றே நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இது!

வள்ளுவப் பெருந்தகை ‘சுற்றந்தழால்’ என்றோர் அதிகாரம் வகுத்தார். அதை இல்லறவியலில் வைக்காமல் பொருட்பாலில், அரசியலில் வைத்தார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சுற்றத்தைத் தழுவுதல் வீட்டுக்குள் முடிந்துவிடும் செய்தியாக அவருக்குத் தோன்றவில்லை போலும்.

ஆனால் அன்பர்களே, இம்மேடையில் நின்று, ‘அன்பாக இருங்கள், நூறாண்டு வாழலாம்’ என்று சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. நம் மக்களுக்கு அப்படிச் சொல்வது பொய்யாகிவிடும். அண்ணல் அம்பேத்கரின் இல்லத்தை நினைத்துப் பாருங்கள். தாயைச் சிறு வயதிலேயே இழந்த பீமனை அத்தை மீராபாய் வளர்த்தார். தந்தை ராம்ஜி, மகனுக்குப் புத்தகம் வாங்கக் கையில் காசில்லாமல், மணமாகிப் போன தம் பெண்களிடம் சென்று நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தார். அந்த வீட்டில் அன்புக்கு என்ன குறை? இருந்தும், அண்ணலுக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர், ஒருவரே தங்கினார். ரமாபாயும் நோயில் நலிந்து 1935 மே மாதம் மறைந்தார். வறுமையின் முன்னால் பாசம் கைகட்டி நின்ற வீடு அது. பின்னாளில், 1948-இல், நீரிழிவும் நரம்பு வலியும் அண்ணலை வாட்டிய காலத்தில் அவர் மணந்த சவிதா அம்மையார் மருத்துவர். ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு எழுதிய முன்னுரையில், அணையவிருந்த தம் உயிர்ச் சுடரை மீண்டும் ஏற்றியதற்குத் தம் மனைவியின் மருத்துவத் திறனும் டாக்டர் மால்வங்கரின் திறனும் காரணம் என்ற கருத்தை அண்ணல் நன்றியோடு பதிந்தார். உறவும் மருத்துவமும் ஒரு கையில் சேர்ந்தபோது என்ன ஆயிற்று, அவை சேராதபோது என்ன ஆயிற்று என்பதற்கு ஒரே மனிதரின் வாழ்வில் இரண்டு சான்றுகள்.

சோறும் வேண்டும் என்பதை அண்மையில் இன்னோர் ஆய்வும் காட்டியது. ஜார்க்கண்டு மாநிலத்தில், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பங்குகொண்டு, 2,800 நோயாளிகளையும் அவர்தம் வீட்டார் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரையும் எடுத்துக்கொண்டனர். சில பகுதிகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். சில பகுதிகளில் வீட்டார் அனைவருக்கும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும். வீட்டாருக்கும் கொடுத்த பகுதிகளில், புதிதாகக் காசம் வருவது 39 விழுக்காடு குறைந்தது என்று 2023-இல் வெளியிட்டனர். நம் வீடுகளில் நோயாளிக்குக் கொடுத்த முட்டை என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பாதியைப் பேரனுக்குப் பிட்டுக் கொடுப்பார். அதைத் தடுக்க எந்த மருத்துவராலும் முடியாது, தடுக்கவும் கூடாது. பேரனுக்கும் ஒரு முட்டை கிடைக்க வழி செய்வதுதான் அறிவுடைமை.

ஒரே கூரையின்கீழ் இருப்பதெல்லாம் உறவாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 42 தம்பதியரின் கையில் சிறு கொப்புளக் காயம் உண்டாக்கி, அது ஆறும் வேகத்தை அளந்தனர். ஒருவரையொருவர் கடிந்து பேசிப் பகைமையோடு இருந்தவர்களின் காயம், இணக்கமாக இருந்தவர்களின் காயம் ஆறிய வேகத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு வேகத்தில்தான் ஆறியது. 2005-இல் வெளியான ஆய்வு. வீட்டில் பேசும் சொல் தோலுக்கு அடியில் இறங்குகிறது! மன உளைச்சலில் சுரக்கும் நீர்கள் இரத்த அழுத்தத்தை ஏற்றி, உடம்பு தன்னைத் தானே பழுது பார்க்கும் ஆற்றலைக் கெடுக்கின்றன என்று மருத்துவர்கள் விளக்குகின்றனர். மாதச் சம்பளத்தில் பாதியை மதுக்கடையில் கொட்டிவிட்டு வந்து, மீதிப் பாதிக்குக் கணக்குக் கேட்ட மனைவியைக் கை நீட்டுகிறவன், தன் குடும்பம் கூட்டுக் குடும்பம் என்று பெருமை பேசுவதில் பொருளில்லை. எல்லாரும் உண்ட பிறகு பானையின் அடியை வழித்துண்ணும் பெண்ணின் இரத்த சோகையில் கட்டப்பட்ட ஒற்றுமையும் ஒற்றுமை அன்று. குடும்பத்தின் நலம் என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் உழைப்பு. அவளுக்கு மாத்திரை எடுத்து வைப்பவர் யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். சாதிப் பெருமைக்காகப் பெற்ற பெண்ணையே கொல்லும் குடும்பங்களும் இந்நாட்டில் ‘நெருங்கிய உறவு’ என்றுதான் தம்மைச் சொல்லிக்கொள்கின்றன.

இனி, இன்று நான் பேச வந்ததில் மிகவும் கனமான பகுதி. நிர்வாகிகள் பொறுத்தருள வேண்டும்.

இச்சங்கம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஆலைக் கூலியாய் இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று அலுவலகங்களில் அமர்ந்திருக்கின்றனர். நமக்கெல்லாம் பெருமை. அப்பிள்ளை வேலை கிடைத்ததும் நகரத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறான். வீட்டுக்காரர் முதலில் கேட்பது முன்பணத்தை அன்று; ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்பதே. நேரடியாகக் கேளாதவர்கள் சொந்த ஊர் எது, எந்தத் தெரு, கறி சமைப்பீர்களா என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். நான்கு வீடுகளில் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவன், ஐந்தாவது வீட்டில் மழுப்பலாக ஏதோ சொல்லிக் குடியேறிவிடுகிறான். அன்றைக்கே ஒரு பயமும் அவனோடு குடியேறுகிறது. கூடத்தில் அண்ணல் படம் மாட்டுவதில்லை. பிறகு ஒரு நாள் ஊருக்குத் தொலைபேசியில் சொல்கிறான்: ‘அம்மா, நீ அலைய வேண்டாம், நானே வந்து பார்க்கிறேன்.’

அந்தத் தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்தைப் படிக்கத் தெரியும். தன் பேச்சு, தன் புடவைக் கட்டு, தான் வாசலில் குந்தி வெற்றிலை போடுவது, இவற்றுள் எதுவோ மகனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளே உணர்ந்துகொள்கிறாள். ‘பையனுக்கு வேலை அதிகம்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுகிறாள். பேரப்பிள்ளை ஆண்டுக்கு இரு முறை வந்து போகிறது. மாத்திரை தீர்ந்த நாட்களை அவள் யாரிடமும் சொல்வதில்லை. காலில் ஆறாத புண்ணோடு அரசு மருத்துவமனை வரிசையில் தனியே நிற்கிறாள். கையில் துணைக்கு வந்தவர் யாருமில்லை. வரிசையில் முன்னால் நிற்பவரிடம் சீட்டை நீட்டிப் படிக்கச் சொல்கிறாள். மகனைப் படிக்க வைத்த தாய்!

மகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. முதல் குற்றவாளி அந்த வீட்டுக்காரர். அவர் கேட்ட கேள்வி. தீண்டாமை 1950-லேயே அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவால் ஒழிக்கப்பட்டதாகச் சட்டம் சொல்கிறது. ஆனால் அது வாடகைக் கேள்வியாக உருமாறி, ஒரு மூதாட்டியின் இரத்தத்தில் சர்க்கரையாக ஏறிக்கொண்டிருப்பதை எந்த மருத்துவமனைக் கணக்கிலும் எழுதுவதில்லை. உறவு ஆயுளைக் கூட்டும் என்று அறிஞர் அளந்து சொல்கின்றனர். அப்படியானால் உறவை அறுப்பது ஆயுளைக் குறைப்பதாகும். சாதி நம் ஆயுளைத் திருடும் வழிகளில் இதுவும் ஒன்று, ஓசையில்லாத வழி.

மகனும் இதில் தப்பிவிடுவதில்லை. தன்னை ஒளித்துக்கொண்டு வாழ்கிறவன் ஒவ்வொரு நாளும் அந்த மறைப்புக்காக நெஞ்சைக் கசக்கிக்கொள்கிறான். அவனது பிள்ளை, தன் ஆயாவின் ஊர் எது என்று பள்ளியில் கேட்டால் தயங்குகிறது. தம் வேரைச் சொல்லத் தயங்கும் பிள்ளைகளை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளைகள் அவர்கள்.

ஆதலால் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடுமானால் நம்மவர் நாலு குடும்பம் சேர்ந்து ஒரே பகுதியில் மனை வாங்குங்கள், அல்லது ஒரே தெருவில் குடியேறுங்கள். வேப்பம்பட்டிலும் செவ்வாப்பேட்டையிலும் நேற்று நெல் விளைந்த வயல்கள் இன்று மனைகளாகிவிட்டன. நாளைக்கு இந்த விலைக்கும் கிடைக்கா. தனியே ஒளிந்து வாழ்வதைக் காட்டிலும் சேர்ந்து வெளிப்படையாய் வாழ்வது உடம்புக்கு நல்லது. வீட்டுக்காரர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டு, ஒப்புக்கொள்ளும் வீட்டில் குடியேறியவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் வீட்டில் ஆயா திண்ணையில் தாராளமாக உட்கார்ந்திருக்கிறாள்.

சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நடுத்தெருவில் நிற்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வாங்கித்தர அச்சட்டம் இடம் அளிக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பப் பெறவும் வழியுண்டு. அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள்; ‘என் பிள்ளையிடம் நிபந்தனையா?’ என்று கூச்சப்பட வேண்டாம். 14567 என்ற எண்ணில் முதியோர் உதவிக்கு இலவசமாகப் பேசலாம். சட்டத்தால் அன்பை வரவழைக்க முடியாது. சோற்றையும் மருந்தையும் வரவழைக்கலாம். அதற்கு மேல் வந்தால் வரவு.

சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாலை நேரப் பாட வகுப்பு நடக்கும் இக்கட்டடம் ஞாயிறு காலையில் பூட்டிக் கிடக்கிறது. இங்கே படித்து முன்னேறியவர்கள் மாதம் ஒரு ஞாயிறு தம் பிள்ளைகளுடன் வந்து, காலனியில் தனியே இருக்கும் பெரியவர்களை அழைத்து வந்து உட்கார வைத்து, அவர்களின் மருந்துச் சீட்டைப் படித்து, எந்த மாத்திரை காலை, எது இரவு என்று எழுதிக் கொடுக்கலாம். பத்தாம் வகுப்பு மாணவர்களே இதைச் செய்ய வல்லவர்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதன் விலையை நான் இன்றே செயலாளர் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். கருவியைக் கையாள இரண்டு பிள்ளைகளின் பெயர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் நிற்பேன், பெயர் கொடுங்கள்.